எதைப் பற்றிப் பேசுவது?

மேடை ஏறுகிறவருக்கு முதல் கவலை, எந்த விஷயத்தைப் பேசுவது என்பதுதான். மதுரை அதற்கு ஒரு பதில் வைத்திருக்கிறது.

1921 செப்டம்பரில் காந்திஜி ரயிலில் மதுரைக்கு வந்தார். ஊர் ஊராக அவர் பேசிய விஷயம் கதர். பெட்டியில் இருந்தவர்களிடமும் அதையே சொன்னார். கதர் வாங்க வசதியில்லை என்றார்கள். குல்லாய், சட்டை, நீள வேட்டியுடன் இருந்தவர் என்ன பதில் சொல்வார்? முழு வேட்டிக்கு வழியில்லாதவன் அரைத் துண்டு உடுத்தலாம். ஆனால் அதைச் சொல்கிறவன் முதலில் உடுத்த வேண்டாமா?

செப்டம்பர் 22-ஆம் தேதி, மேல மாசி வீதி வீட்டிலிருந்து அரையில் துண்டோடு வெளியே வந்தார். 1931-ல் லண்டன் வட்ட மேஜை மாநாட்டுக்கும் அதே கோலந்தான்.

விஷயம் பழைய கதர்தான். பேசியவர்தான் அதற்குத் தகுந்தவராக மாறினார். கேட்பவன் திருப்பிக் கேட்டால் நம் வாழ்க்கை பதில் சொல்லுமா? சொல்லுமானால், அதுவே நல்ல விஷயம்.