செம்பு நாட்டில் முளைத்த சங்கங்கள்

பிழைப்பின் பொருட்டுப் பிறந்த ஊரை விட்டு வந்தவர்கள், கூலியும் குடியிருக்க ஓர் அறையும் கிடைத்தவுடன், தம் மொழி பேசும் நாலு பேரைத் தேடுகின்றனர். பின்னர் ஒரு சபை, ஒரு சங்கம், ஒரு விழா என வாழ்வு கிளைக்கிறது. உலகெங்கும் காணப்படும் இவ்வியல்பு, ஆப்பிரிக்கச் செம்புச் சுரங்கங்களில் எவ்வாறு வேரூன்றிற்று என்பதைச் சிறிது ஆராய்வோம்.

இன்று ஸாம்பியா எனப்படும் நாடு, 1964 அக்டோபர் 24 வரை வட ரொடீஷியா என்னும் பெயருடன் ஆங்கிலேயர் ஆட்சியில் இருந்தது. அங்கே, காட்டங்கா எல்லையை ஒட்டிச் செம்புத் தாது நிறைந்த நிலப்பரப்பு ஒன்று உண்டு. 1920களின் இறுதியில் அங்குப் பெரிய சுரங்கங்கள் தோண்டப்பட்டன. லுவான்ஷ்யா, என்கானா, முஃபுலிரா, சிங்கோலா என்னும் இடங்கள் நகரங்களாயின. பெம்பா, பீசா, லோசி முதலிய பல குலத்தார் நெடுந்தொலைவிலிருந்து வந்து குழுமினர். வீடு, உணவுப் பங்கீடு, மருத்துவம், பந்தாட்டம் யாவும் கம்பெனியின் கையிலிருந்தன. உயர்ந்த வேலையும் உயர்ந்த சம்பளமும் வெள்ளையர்க்கே உரியவையாயின.

இத்தனை குலத்தாரை ஆள்வது எங்ஙனம்? கம்பெனியார் ஒரு வழி கண்டனர். 1931இல் லுவான்ஷ்யாவின் ரோன் ஆன்டிலோப் சுரங்கத்தில் ஒவ்வொரு குலத்துக்கும் பெரியோர்களை ஏற்படுத்தினர். குடும்பச் சச்சரவுகளைத் தீர்ப்பதும், தொழிலாளர் குறைகளை நிர்வாகத்துக்கு எடுத்துரைப்பதும் அவர்தம் கடமை. முதற்பணியில் அவர்கள் மதிப்புப் பெற்றனர். கணவன் மனைவி பிணக்கில் தம் குலவழக்கம் அறிந்த முதியவர் சொல்லைக் கேட்பதில் யாருக்குத்தான் தயக்கம்?

ஆயின் இரண்டாம் பணியில் அவ்வேற்பாடு நிலைகுலைந்தது. 1935 மே மாதம் சுரங்க வட்டாரத்தில் தலைவரி உயர்த்தப்பட்டதும் முஃபுலிராவில் வேலைநிறுத்தம் மூண்டது. என்கானாவுக்கும் லுவான்ஷ்யாவுக்கும் பரவியது. லுவான்ஷ்யாவில் துப்பாக்கிச் சூட்டுக்கு 6 பேர் பலியாயினர். அந்நாளில் பெரியோர் சொல்லுக்குச் செவி கொடுப்பார் இல்லை. 1940இல் வெள்ளைத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்து சலுகை பெற்றதைக் கண்டு ஆப்பிரிக்கரும் நிறுத்தம் செய்தனர். என்கானாவில் 17 உயிர்கள் மாண்டன. முஃபுலிராவிலோ தொழிலாளர் தாமே ஒரு குழுவைத் தேர்ந்து நிர்வாகத்தோடு பேசினர். சுரங்கத்துள் இறங்குகிறவனுக்குப் பெம்பா கூலி, லோசி கூலி என்று இரண்டு கூலி இல்லை. துயரம் பொதுவாயின் பேசும் வாயும் பொதுவாக வேண்டும் அன்றோ?

அவ்வாய் 1949இல் வாய்த்தது. தனித்தனிச் சுரங்கங்களில் தோன்றிய சங்கங்கள் ஒன்றுபட்டு, லாரன்ஸ் கட்டிலுங்குவின் தலைமையில் ஆப்பிரிக்கச் சுரங்கத் தொழிலாளர் சங்கம் ஆயிற்று. 1952இல் மூன்று வாரங்கள் கட்டுக்கோப்புடன் வேலைநிறுத்தம் நடத்திற்று. 1953இல் நிகழ்ந்த வாக்கெடுப்பில், குலப் பிரதிநிதிகள் முறையே வேண்டாமெனத் தொழிலாளர் பெருவாரியாகத் தீர்ப்பளித்தனர்.

குலப்பற்று இத்துடன் அழிந்ததோ எனில், அழியவில்லை. லுவான்ஷ்யாவில் கலேலா என்னும் கூத்து ஆடிய பீசா இளைஞரை 1951இல் கிளைட் மிட்செல் என்னும் அறிஞர் ஆராய்ந்தார். மடிப்புக் கலையாத காற்சட்டையும் பளபளக்கும் பூட்சும் அவர்தம் கோலம். எண்ணெய்ப் பீப்பாய்களில் தோல் போர்த்துச் செய்த பறைகளை முழக்கி, தம் நாட்டைப் புகழ்ந்தும் பிற குலத்தாரை நகைச்சுவையாக ஏசியும் பாடுவர். ஏசப்பட்டவரும் கூடி நின்று சிரிப்பர். கூலி கேட்கையில் குலத்தை ஒதுக்கி வைத்த மக்களே விடுமுறையில் குலப்பெயர் சொல்லிக் களித்தனர். இதில் முரண் ஏதும் இல்லை. அதனதன் இடம் அதனதற்கு.

சமய வாழ்விலும் இவ்வாறே. வெவ்வேறு மிஷன்களிலிருந்து வந்த ஆப்பிரிக்கக் கிறிஸ்தவர்கள், 1920களிலேயே வெள்ளைப் பாதிரிமாரை எதிர்பாராமல் கூடி வழிபட்டு ஒரு பொதுச் சபையை அமைத்தனர். அம்மரபு கிளைத்து, 1965இல் அமைந்த ஸாம்பியா ஐக்கியத் திருச்சபையில் கலந்தது.

சுதந்திரத்துக்குப்பின் சுரங்கங்கள் தேசவுடைமையாயின. 1990களின் இறுதியில் மீண்டும் தனியார் கைக்குப் போயின. கம்பெனி நிழலில் வளர்ந்த மருத்துவமனைகளும் மன்றங்களும் ஆதரவிழந்து தளர்ந்தன. கொடுத்தவன் கையை இழுத்துக்கொண்டால், கொடுக்கப்பட்டது ஆட்டம் காணுகிறது.

வெளியூரில் வாழும் நமக்கும் இச்சரித்திரம் ஒன்றை உணர்த்துகிறது. பிறர் நமக்கென வகுத்துத் தரும் அமைப்பினும், நாமே சந்தா செலுத்தி, நாமே வாதாடி, நாமே தேர்ந்து நடத்தும் அமைப்பே நம் பொருட்டு உரத்துப் பேசும். அன்றியும், மொழிப்பற்றுக்கு ஒரு மன்றமும், உரிமைக்கு எல்லோரும் சேர்ந்த ஒரு மன்றமும் என, இரண்டையும் பகையின்றி வைத்துக்கொள்ள இயலும் என்பதைச் செம்பு நாட்டார் வாழ்ந்து காட்டினர். அவ்விரண்டையும் பேணுவதே நம் கடன்.