ஊமத்தையும் உறக்கமும்

மட்டக்களப்புக்கு வடக்கே, கடலோரத்து மாங்கேணி போன்ற ஊர்களில், ஊமத்தையை எவரும் நட்டு வளர்ப்பதில்லை. வேலியோரத்தில் தானே முளைக்கும் நச்சுச் செடி அது. அச்செடிக்கு மருத்துவ வரலாற்றில் ஓர் உயரிய இடம் உண்டு என்றால் வியப்பாகத் தோன்றலாம்.

ஜப்பானிய வைத்தியர் ஹனஓக்கா செய்ஷூ, ஊமத்தை, வச்சநாவி முதலிய மூலிகைகளைக் கூட்டி, உணர்வு நீக்கும் கஷாயம் ஒன்றைப் பல்லாண்டுகள் முயன்று ஆக்கினார். அச்சோதனைகளுக்குத் தம்மை ஒப்புக்கொடுத்த அவர் மனைவி கண்ணொளி இழந்தார் என்பது வழிவழி வந்த செய்தி. 1804 ஒக்டோபர் 13ஆம் நாள், அறுபது வயது மாதொருத்தி அக்கஷாயத்தை அருந்தி அறிவிழந்து கிடக்க, அவளது மார்பகப் புற்றுக் கட்டியை அவர் அகற்றினார்.

ஏழு ஆண்டுகளின் பின், 1811இல், ஆங்கில எழுத்தாளர் ஃபனி பர்னி பாரிஸ் நகரில் இதே நோய்க்காகக் கத்தியின் கீழ்க் கிடந்தபோது, அவருக்கு அத்தகைய மருந்து எதுவுமில்லை. உணர்வு நீக்கும் மருந்தின்றியே அனைத்தையும் தாங்கினார். ஈதர் 1846இலும் குளோரோஃபோம் 1847இலுமே மேலைநாட்டுச் சத்திரசிகிச்சைக்கு வந்தன.

எனினும் மருந்து தரும் மயக்கம் வேறு, இயற்கை தரும் உறக்கம் வேறு. ஆழ்துயிலும் கனவுத்துயிலும் மாறிமாறி வருவதே உறக்கம். மயக்கத்தில் அந்த ஒழுங்கு இல்லை. ஆகவேதான், பகலில் மணிக்கணக்காக மயங்கிக் கிடந்தவள், இரவில் கண்மூடாது தவிக்கிறாள். காயத்தின் நோவும், மனக்கவலையும், விடுதியின் வெளிச்சமும் அதற்குக் காரணம். நோவைத் தணிக்கும் மோர்ஃபீன் இன மருந்துகளும் ஆழ்துயிலைக் குறைக்கின்றன.

இக்காரணத்தால், நாளத்தில் ஏற்றும் புரோப்போஃபால் நல்லதா, மூச்சோடு செல்லும் செவோஃபுளூரேன் நல்லதா என அறிஞர் ஆராய்கின்றனர். முடிவுகள் இன்னும் ஒருமுகப்படவில்லை. முதுகெலும்பின் அருகே ஊசியிட்டு மார்பின் நரம்புகளை மரக்கச் செய்தால், நோவு தணிந்து மோர்ஃபீனின் தேவையும் குறைகின்றது.

கத்திக்கு அஞ்சிக் கட்டியை மறைக்கும் பெண்கள் இன்றும் உளர். மறைத்த நோயோ வளர்கிறது. கத்தியின் வேதனையை வெல்ல அன்று ஒரு வைத்தியர் முயன்றார். அதன் பின்வரும் இரவையும் எண்ணிப் பார்ப்பது இன்றைய மருத்துவத்தின் கடன். "இரவில் எனக்கு உறக்கம் வருமா?" என்று சிகிச்சைக்கு முன்பே மயக்க மருத்துவரிடம் கேட்பது நோயாளியின் உரிமையுமாகும்.