செப்புத் திருமேனிகளும் மாறிய கண்களும்

ஐரோப்பிய விமரிசகர்கள் ‘கிளாசிக்’ அழகு என்று போற்றிவந்தது பெரும்பாலும் கிரேக்கச் சலவைக்கல் உருவங்களின் அங்க அமைதியையே. அந்த அளவுகோலால் நம் விக்கிரகங்களை அளந்து தள்ளிய காலமும், அவற்றைக் கண்டு அவர்களே வியந்த காலமும் ஐம்பது ஆண்டுகளுக்குள் அடங்கிவிட்டன என்பதையும், அதற்கிடையில் விக்கிரகங்கள் அணுவளவும் மாறவில்லை என்பதையும் சேர்த்து நோக்கினால், அழகின் சரித்திரத்தில் ஒரு பாதி பார்த்தவர்களின் சரித்திரமே என்பது விளங்கும்.

மறுபாதி சிற்பியின் கையிலுள்ளது. சிவன், திருமால் முதலியோர்க்கு உத்தம தசதாளமாகிய 124 அங்குலமும், உமை, திருமகள் முதலிய தேவியர்க்கு மத்திம தசதாளமாகிய 120 அங்குலமும் சாஸ்திரம் விதித்த பிரமாணம்; இங்கு அங்குலம் என்பது உருவத்தின் உயரத்தில் ஒரு பங்கு. சுவாமிமலை ஸ்தபதியார் தென்னையோலைக் கீற்றொன்றை உருவத்தின் உயரத்திற்கு நறுக்கி, மடித்து மடித்து அப்பங்குகளைக் குறித்துக்கொண்ட பிறகே மெழுகில் கை வைப்பது வழக்கம். ஆயினும் விதி ஒன்றாயிருக்க, வடிவம் ஒன்றாயிருக்கவில்லை. 1011-ஆம் ஆண்டைச் சேர்ந்த திருவெண்காட்டு ரிஷபவாகனரைத் தஞ்சைக் கலைக்கூடத்தில் காண்போர், சாய்ந்து நிற்பதற்குரிய காளை இல்லாதபோதும் அதன்மேல் ஊன்றியதுபோலவே தளர்ந்து வளைந்திருக்கும் கையையும், ஒன்றன்மேல் ஒன்று மாறி நிற்கும் கால்களையும், பாம்புகள் பிணைந்த சடையையும் விட்டுக் கண்ணை எடுக்க இயலாது. விஜயநகர காலத்திலோ நாசி கூர்ந்தது, அவயவங்களில் விறைப்பு ஏறியது, ஆபரணம் மிகுந்தது. அதனைச் சிதைவு என்று ஒரே சொல்லில் ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை, அதையே அழகென்று தொழுத தலைமுறைகள் பல உண்டாகையால். எனினும் என் நெஞ்சம் திருவெண்காட்டையே நாடுகிறது.

1880-இல் வெளிவந்த தம் நூலில் இந்தியாவின் கைத்தொழில்களை மனமாரப் புகழ்ந்த ஜார்ஜ் பேர்ட்வுட், தெய்வ உருவங்களில் மட்டும் கலையைக் காணவில்லை. 1910 ஜனவரியில் லண்டனில், இந்தியக் கலையைப் போற்றிய ஆங்கிலேயர் ஹாவெல் நிகழ்த்திய சொற்பொழிவுக்குத் தலைமை வகித்தபோது, ஜாவாவின் புத்தர் உருவமொன்றைக் கொழுப்பிட்டு வேகவைத்த பலகாரத்திற்கு அவர் ஒப்பிட்டார். அடுத்த மாதமே கலைஞரும் விமரிசகருமாகிய பதின்மூவர் ‘டைம்ஸ்’ பத்திரிகையில் கையொப்பமிட்டு அதனை மறுத்தனர். பிரெஞ்சுச் சிற்பி ரோதின், சென்னை அருங்காட்சியகத்து நடராஜரைப் புகைப்படங்களில் மட்டுமே கண்டு எழுதிய புகழுரை, அவர் மறைந்து நான்கு ஆண்டுகளுக்குப்பின் 1921-இல் அச்சேறியது. அதிலும் ஒப்புமைக்குக் கிரேக்க மரபின் சலவைக்கல் உருவமாகிய மெடிசி வீனஸ் வந்து நிற்கிறாள். வணங்கிய கண்ணும் பழைய அளவுகோலை முற்றிலும் கீழே வைத்துவிடவில்லை.

இதே காலத்தில் நம் வீடுகளில் நிகழ்ந்தது வேறு. ஓவியர் ரவிவர்மா 1894-இல் பம்பாயில் நிறுவிய அச்சகத்திலிருந்து, மேனாட்டு எண்ணெய்ச் சித்திரத்தின் ஒளிநிழலும் சேலைக்கட்டும் கொண்ட லட்சுமியும் சரஸ்வதியும் பூஜையறைதோறும் வந்து சேர்ந்தனர். கொழும்பில் பிறந்த ஆனந்த குமாரசுவாமி அப்படங்களைக் கண்டித்து, செப்புத் திருமேனிகளின் தத்துவத்தை உலகுக்கு உரைத்துக்கொண்டிருந்த நாட்களில், நம் தாய்மார் கைகூப்பி நின்றது அப்படங்களின் முன்னேதான்.

அவர்கள் கோயில் திருமேனிகளை அறியாதவர்களல்லர். ஆனால் அருங்காட்சியகம் காட்டும் இடையும் தோளும் பட்டுக்கும் மாலைக்கும் உள்ளே மறைந்திருக்க, அவர்கள் கண்டது முகத்தையும் அலங்காரத்தையும். திருமஞ்சனத்தின்போது மட்டும், மாலைகள் களையப்பட்டு, பால் வழியும் ஒற்றை வஸ்திரம் மேனியோடு ஒட்டிக்கொள்ள, ஸ்தபதி ஓலையில் மடித்த அளவுகள் தீபத்தின் ஒளியில் ஒரு கணம் தெரியும். உடனே குருக்கள் திரையை இழுத்துவிடுவார்.