ஹென்றி கவுல்சும் மணல்மேடுகளும்

ஹென்றி சாண்ட்லர் கவுல்ஸ் (1869–1939) அமெரிக்கத் தாவரவியலாளர். தாவர வழிமுறை வளர்ச்சி என்னும் கருத்துக்குக் களச் சான்று தந்த முன்னோடிகளுள் ஒருவர். வெற்று நிலத்தில் முதலில் குடியேறும் தாவரங்கள் நிலத்தை மாற்றுகின்றன. அந்த மாற்றம் வேறு தாவரங்களுக்கு இடம் தருகிறது. இவ்வாறு ஒரு சமுதாயத்தின் இடத்தை மற்றொன்று பிடிப்பதே வழிமுறை வளர்ச்சி.

மணலில் படித்த பாடம்

கவுல்ஸ் கனெக்டிகட் மாநிலத்தில் பிறந்தவர். சிக்காகோ பல்கலைக்கழகத்தில் நிலவியலும் தாவரவியலும் கற்று, 1898-இல் முனைவர் பட்டம் பெற்றார். டென்மார்க் அறிஞர் யூஜீனியஸ் வார்மிங்கின் தாவரச் சமுதாய ஆய்வுகள் அவரைப் பெரிதும் ஈர்த்தன.

அவர் தேர்ந்தெடுத்த ஆய்வுக்களம் மிச்சிகன் ஏரியின் தென்கரை மணல்மேடுகள். ஒரு காடு உருவாக நூற்றாண்டுகள் ஆகும். ஒரு மனிதரின் வாழ்நாளில் அதை முழுமையாகக் காண இயலாது. ஆனால் இக்கரையில் ஏரி காலப்போக்கில் பின்வாங்கியதால், நீரை ஒட்டிய மேடுகள் புதியவை. உள்ளே செல்லச் செல்ல மேடுகள் பழையவை. எனவே கரையிலிருந்து உள்நோக்கி நடப்பது காலத்தில் பின்னோக்கி நடப்பதற்கு ஒப்பாகும்.

முன்வரிசையில் மாரம் புல் தன் மட்டத்தண்டுகளால் பறக்கும் மணலைப் பிடித்து நிறுத்தியது. அதன் பின்னே புதர்களும் காட்டன்வுட் மரங்களும், அடுத்துப் பைன் மரங்களும், அதற்கும் பின்னால் ஓக் காடுகளும் இருந்தன. நிழலும் ஈரமும் மிகுந்த இடங்களில் பீச், மேப்பிள் மரங்கள் வளர்ந்தன. இவ்வாய்வு 1899-இல் வெளியானது.

முடிவு உண்டா?

பிரெடரிக் கிளமென்ட்ஸ் 1916-இல் வெளியிட்ட நூலில், தாவரச் சமுதாயம் ஓர் உயிரியைப்போல வளர்ந்து, அப்பகுதியின் தட்பவெப்பத்துக்கு ஏற்ற உச்ச சமுதாயத்தில் நிலைபெறும் என்றார். கவுல்ஸ் அத்தனை உறுதி காட்டவில்லை. நிலமும் தட்பவெப்பமும் மாறிக்கொண்டே இருப்பதால், வளர்ச்சி நோக்கிச் செல்லும் இலக்கும் நகர்கிறது என்பது அவர் கருத்து. வளர்ச்சி சில வேளை பின்னோக்கியும் செல்லலாம் என்றார். 1958-இல் ஜெர்ரி ஓல்சன் அதே மணல்மேடுகளை ஆராய்ந்து, எல்லா மேடுகளும் ஒரே வகைக் காட்டில் முடிவதில்லை என்று காட்டினார்.

மேடுகளைக் காத்தல்

கவுல்ஸ் ஆய்வு செய்த கரையில் 1906-இல் கேரி என்னும் எஃகு நகரம் எழுந்தது. மிச்சிகன் சிட்டியில் இருந்த ஹூசியர் ஸ்லைடு என்ற பெருமேடு கண்ணாடித் தொழிலுக்காக வெட்டி எடுக்கப்பட்டு, 1920 அளவில் முற்றிலும் மறைந்தது. மேடுகளைத் தேசியப் பூங்காவாக்குவது பற்றி 1916-இல் சிக்காகோவில் நடந்த விசாரணையில் கவுல்ஸ் அவற்றுக்காகச் சாட்சியம் அளித்தார். அக்கோரிக்கை அப்போது நிறைவேறவில்லை. அவர் மறைந்து 27 ஆண்டுகள் கழித்து, 1966-இல் இண்டியானா மணல்மேடுகள் தேசிய ஏரிக்கரையாகப் பாதுகாக்கப்பட்டன; 2019-இல் தேசியப் பூங்கா ஆயின. அங்குள்ள ஒரு சதுப்புநிலம் இன்று கவுல்ஸ் பெயரால் அழைக்கப்படுகிறது.

அமெரிக்கச் சூழலியல் கழகத்தை 1915-இல் நிறுவியவர்களுள் ஒருவரான கவுல்ஸ், பின்னர் அதன் தலைவராகவும் இருந்தார். அவருடைய மாணவர் வில்லியம் கூப்பர் அலாஸ்காவின் கிளேசியர் விரிகுடாவுக்குச் சென்று, பனியாறு விலகிய நிலத்தில் இதே கேள்வியை ஆராய்ந்தார்.