மரச்செதுக்கு அச்சும் சொல்லில்லாப் படக்கதையும்

மரச்செதுக்கு அச்சு என்பது வைரம் பாய்ந்த மரத்தின் குறுக்குவெட்டு முகத்தில் கூரிய உளியால் கோடுகளை எடுத்து, மீந்து நிற்கும் மேட்டில் மை உருட்டித் தாளில் பதிக்கும் முறை. உளி போன இடம் தாளில் வெள்ளையாகவும், போகாத இடம் கறுப்பாகவும் விழும். இதற்கு மூத்தது மரவெட்டு அச்சு. அது பலகையின் நீளவாட்டு முகத்தில், நார் ஓடும் போக்கிலேயே கத்தியால் வெட்டப்படுவது. தமிழில் இரண்டையும் ஒரே பெயரால் சொல்லிவிடுகிறோம். மரத்தில் கை வைத்தவருக்கு இரண்டும் வேறு வேறு தொழில்.

இத்தகைய அச்சுப் படங்களைப் பக்கத்துக்கு ஒன்றாக அடுக்கி, ஒரு வரி எழுத்தும் இல்லாமல் முழுக் கதையையும் சொல்லும் நூலே சொல்லில்லாப் படக்கதை. 1918 முதல் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் அது செழித்தது. தமிழ்நாட்டில் மரச்செதுக்கு அச்சு அதற்கு முந்தைய நூற்றாண்டிலேயே வந்து சேர்ந்தும் எழுத்துக்குத் துணையாகவே வளர்ந்தது. எழுத்தில்லாமல் கதை சொல்லும் வேலை இங்கே அச்சுக் கட்டைக்குப் போகவில்லை, தேர்க்கட்டையிலேயே தங்கிவிட்டது. கொங்கு நாட்டில் இதைக் கண்ணால் பார்க்கலாம்.

கட்டை

கோவை வன வளாகத்தில் காஸ் வன அருங்காட்சியகம் இருக்கிறது. சென்னை மாகாண வனத்துறை அதிகாரி எச். ஏ. காஸ் 1902இல் தொடங்கியது. அங்கே வைத்திருக்கும் மர மாதிரிகள் இந்தக் கலையைப் புரிந்துகொள்ள நல்ல இடம். ஒரு மரத்தைப் பலகையாக அறுத்தால் நார் கோடு கோடாகத் தெரியும். உளியை நாரோடு ஓட்டினால் வழுக்கும், குறுக்கே ஓட்டினால் பிசிறும். அதே மரத்தைத் துண்டாக, வட்டமாக அறுத்தால் நார் முனைகள் எல்லாம் நம்மை நோக்கி நிமிர்ந்து நிற்கும். அந்த முகத்தில் உளி எந்தத் திசையில் போனாலும் ஒரே எதிர்ப்புதான். தலைமுடி அளவுக் கோட்டையும் எடுக்கலாம்.

எல்லா மரமும் இதற்கு ஆகாது. தேக்கின் குறுக்குவெட்டில் துளைகள் கண்ணுக்கே தெரியும். நுண்கோடு அந்தக் குழிகளில் விழுந்து அறுந்துவிடும். கதவுக்கும் நிலைக்கும் தேக்கை மிஞ்ச ஆளில்லை, செதுக்கு அச்சுக்கு அது உதவாது. ஐரோப்பியர் பிடித்துக்கொண்டது பாக்ஸ் மரம். மிக மெதுவாக வளர்வது, துளை தெரியாத அளவுக்கு நெருக்கமானது, தந்தம் போல் வழவழப்பானது. ஆனால் அடிமரம் பெரிதாகப் பருப்பது அபூர்வம். ஆகவே பெரிய படத்துக்குப் பல துண்டுகளைச் சேர்த்து முடுக்க வேண்டியிருந்தது. பழைய ஆங்கிலப் படப் பத்திரிகைகளை உற்றுப் பார்த்தால், வானத்தின் நடுவே மெல்லிய வெள்ளைக் கோடு ஒன்று நேராக இறங்கும். இரண்டு துண்டு சேர்ந்த இடம் அது.

பாக்ஸுக்கு மாற்றாக இந்திய மரங்களைத் தேடும் வேலை 19ஆம் நூற்றாண்டில் நடந்தது. ஜே. எஸ். காம்பிள் 1881இல் வெளியிட்ட இந்திய மரங்கள் பற்றிய கையேடு கார்டினியா இனங்களை இதற்குப் பரிந்துரைக்கிறது. நம் பக்கத்துக் காட்டோரங்களில் தானாக வளரும் வெப்பாலையும் இதே குணமுள்ள மரம்தான். வெள்ளையானது, நெருக்கமானது, உளிக்குப் பணிவது. சன்னபட்டணத்து மரப்பொம்மைகள் இதில்தான் கடையப்படுகின்றன. கொங்கு நாட்டில் வெப்பாலை இலையை எண்ணெயில் போட்டுத் தோல் நோய்க்கு எடுத்தோமே தவிர, கட்டையை அச்சுக்காரர் கண்ணில் காட்டவில்லை.

செதுக்கும் விதம்

கட்டையின் உயரம் ஈய எழுத்தின் உயரத்துக்குச் சரியாக இருக்க வேண்டும். அது 0.918 அங்குலம். அப்போதுதான் எழுத்தையும் படத்தையும் ஒரே சட்டத்தில் பூட்டி ஒரே அழுத்தில் அச்சிட முடியும். மரச்செதுக்கு அச்சு 19ஆம் நூற்றாண்டுப் பத்திரிகை உலகையே ஆண்டதற்கு இந்த வசதி முக்கியக் காரணம். செப்புத் தகட்டையோ கல்லையோ ஈய எழுத்தோடு சேர்த்துப் பூட்ட முடியாது.

செதுக்குபவர் கட்டையின் முகத்தைக் கறுப்பாக்கிக்கொண்டு, மணல் அடைத்த வட்டத் தோல் மெத்தையின் மேல் வைக்கிறார். சுத்தியல் கிடையாது. உளியின் உருண்டைப் பிடி உள்ளங்கைக் குழிக்குள் உட்கார, கட்டைவிரல் கட்டையைத் தொட்டு நிதானம் கொடுக்க, உளி முன்னே தள்ளப்படுகிறது. வளைகோடு வேண்டுமானால் வலக்கை அசையாது. இடக்கை கட்டையைச் சுழற்றும். தவறிவிட்டால் அழிக்க வழியில்லை. அந்த இடத்தைத் துளைத்து, அதே மரத்தில் ஆப்பு அடித்து, இழைத்துச் சமப்படுத்தி மறுபடி தொடங்க வேண்டும்.

எல்லாவற்றையும் தலைகீழாக, அதாவது கண்ணாடியில் தெரிவது போல் இடவலம் மாற்றிச் செதுக்க வேண்டும் என்பது அடுத்த சோதனை. மருதமலை முருகனுக்கு வலக்கையில் தண்டம், இடக்கை இடுப்பில். கண்டபடியே கட்டையில் வெட்டினால் தாளில் தண்டம் இடக்கைக்குப் போய்விடும். கொங்கு நாட்டில் அந்தப் படத்தை யாரும் வாங்கமாட்டார்கள்.

குறுக்குவெட்டுச் செதுக்கலை இங்கிலாந்தின் நியூகாசிலில் முழுமைக்குக் கொண்டுவந்தவர் தாமஸ் பியூயிக் (1753–1828). விலங்குகளைப் பற்றி 1790இலும் பறவைகளைப் பற்றி 1797இலும் அவர் வெளியிட்ட நூல்களில் அத்தியாயம் முடியும் இடங்களில் சிறு படங்கள் உண்டு. மழையில் நனைந்தபடி போகும் வழிப்போக்கன், ஓடை தாண்டுகிறவன் என்று பாடத்தோடு தொடர்பே இல்லாத காட்சிகள். உள்ளங்கையில் அடங்கும் அந்தப் படங்களில் முன்பு நடந்ததும் இனி நடக்கப்போவதும் தெரியும். சொல்லில்லாப் படக்கதையின் விதை அங்கே இருப்பதாக எனக்குப் படுகிறது.

சென்னையும் கோவையும்

தமிழ்நாட்டில் இந்தத் தொழிலைப் பாடமாக வைத்தவர் மருத்துவர் அலெக்சாண்டர் ஹண்டர். 1850இல் சென்னையில் அவர் தொடங்கிய கலைப்பள்ளியில் மரச்செதுக்கும் கற்பிக்கப்பட்டது. 1855இல் அரசு அதை எடுத்துக்கொண்டது. இன்றைய எழும்பூர் அரசு கவின்கலைக் கல்லூரி அதன் வாரிசு. பாடநூல், பத்திரிகை, விளக்க நூல் என்று எழுத்து கேட்ட படங்களுக்காகவே அந்தக் கல்வி இருந்தது. மக்கள் கையில் புழங்கிய பெரிய எழுத்துக் கதைப் புத்தகங்களிலும் மரக்கட்டைப் படங்கள் வந்தன. அவை கதைக்கு முகப்பு விளக்கு மாதிரி. கதையை நடத்தியது எழுத்துதான்.

கோவையின் பங்கு வேறு வழியில் வந்தது, மரத்தில் அல்ல, கல்லில். தாவரவியலாளர் ராபர்ட் வைட் (1796–1872), அமெரிக்கப் பருத்தியை இங்கே பயிரிட்டுப் பார்க்கும் அரசுத் திட்டத்துக்குப் பொறுப்பாளராக 1842 முதல் 1853 வரை கோவையில் இருந்தார். அந்தக் காலத்தில் அவர் முடித்த ‘ஐகோனஸ்’ என்ற படத்தொகுதியில் 2,101 தாவரப் படங்கள் உள்ளன. மூலச் சித்திரங்கள் பலவற்றை வரைந்தவர்கள் ரங்கையா, கோவிந்து என்ற இரண்டு தென்னிந்திய ஓவியர்கள். ஓர் ஆர்க்கிட் பேரினத்துக்கு வைட் கோவிந்துவின் பெயரையே சூட்டினார். அந்தச் சித்திரங்கள் கல்லச்சில் ஏறின. கல்லில் செதுக்க வேண்டாம். கொழுப்பு மையால் வரைந்தால் போதும். கை வரைந்த மென்மை அப்படியே தாளுக்கு வந்துவிடும். இந்த நிலத்தின் செடிகளை இவ்வளவு நெருங்கிப் பார்த்த கைகளுக்கு மரம் வாய்த்திருந்தால் என்ன செய்திருக்கும் என்று நினைக்காமல் அந்தப் பக்கங்களைப் புரட்ட முடிவதில்லை.

19ஆம் நூற்றாண்டின் கடைசியில் புகைப்பட முறையில் உலோக பிளாக் எடுக்கும் வழி பரவியதும் மரச்செதுக்குத் தொழில் விழுந்தது. தமிழ் அச்சகங்களில் லைன் பிளாக், ஆஃப்டோன் பிளாக் என்பவை அன்றாடச் சொற்களாயின. அந்தத் துத்தநாகத் தகட்டை மரக்கட்டையில் ஆணியடித்துத்தான் எழுத்தின் உயரத்துக்குக் கொண்டுவந்தார்கள். மரம் படத்தின் முகத்திலிருந்து முதுகுக்குப் போயிற்று. சுவரொட்டிக்கான பெரிய மர எழுத்துகளில் மட்டும் அது இன்னும் கொஞ்ச காலம் முகம் காட்டியது.

சொல்லில்லாப் புத்தகம்

தொழிலாக வீழ்ந்த பிறகே மர அச்சு கலையாக எழுந்தது. பெல்ஜியத்தில் பிறந்த ஃப்ரான்ஸ் மாசெரீல் (1889–1972) 1918இல் ஒரு மனிதனின் பாடுகளை 25 மரவெட்டுப் படங்களில் சொன்னார். அடுத்த ஆண்டே 167 படங்களில் முழு வாழ்க்கை ஒன்றைச் சொன்னார். ரயிலில் நகரத்துக்கு வந்து இறங்கும் ஒருவன் காதலித்து, கோபித்து, அலைந்து, காட்டில் சாகிறான். அந்த நூலின் ஜெர்மன் பதிப்பொன்றுக்கு முன்னுரை எழுதியவர் தாமஸ் மான். 1925இல் வந்த ‘நகரம்’ 100 படங்கள் கொண்டது. புகைபோக்கிகள், ஷிஃப்ட் முடிந்து கொட்டும் கூட்டம், மாடி ஜன்னல்கள். பஞ்சாலைச் சங்கு ஊதி விடிந்த கோவையைக் கண்டவர்களுக்கு அந்தப் பக்கங்கள் அந்நியமாகத் தோன்றா.

மாசெரீல் வெட்டியது நீளவாட்டுப் பலகை. குறுக்குவெட்டுக் கட்டையில் இதே கலையைச் செய்தவர் அமெரிக்கரான லிண்ட் வார்ட் (1905–1985). ஜெர்மனியின் லைப்சிக் நகரில் செதுக்கல் படித்தபோது மாசெரீலின் புத்தகம் ஒன்று அவர் கண்ணில் பட்டது. 139 படங்கள் கொண்ட அவருடைய முதல் கதை 1929 அக்டோபரில், நியூயார்க் பங்குச் சந்தை சரிந்த நாட்களில் வெளிவந்தது. முகமூடி அணிந்த அந்நியனிடம் மந்திரத் தூரிகை வாங்கும் ஓவியனின் கதை அது. படங்கள் வலப்பக்கத்தில் மட்டுமே, இடப்பக்கம் வெற்றுத்தாள். பக்கம் திருப்பும் நேரத்தில் இரண்டு படங்களுக்கு இடையே நடந்ததைப் பார்ப்பவரே நிரப்பிக்கொள்ள வேண்டும். 1932இல் வந்த இன்னொரு கதையில் நடப்பதைக் கறுப்பிலும், நாயகன் மனத்தில் ஓடுவதைச் சிவந்த மையிலும் அச்சிட்டார். ‘அவன் நினைத்தான்’ என்ற சொல்லை மை மாற்றியே எழுதிவிட்டார். 230 படங்களோடு 1937இல் வந்த அவருடைய ஆறாவது கதை அந்த வரிசையில் கடைசி.

இந்தியாவில் இதற்கு நெருங்கி வந்தது வங்காளம். நந்தலால் போஸ், தாகூரின் ‘சகஜ பாடம்’ என்ற பாலபாடத்துக்கு 1930இல் மரத்துக்குப் பதில் லினோ விரிப்பில் வெட்டிய படங்களும், தண்டி யாத்திரைக் காந்தியும் பலர் அறிந்தவை. ஹரேன் தாஸ் (1921–1993) வங்காளக் கிராமத்தின் மழையையும் மீனவரையும் மரச்செதுக்கில் பதித்தார். சித்தபிரசாத் (1915–1978) 1943 பஞ்சத்தை நடந்து பார்த்து வரைந்து வெளியிட்ட நூலை அன்றைய அரசு பறிமுதல் செய்து எரித்தது. பின்னாளில் உழைக்கும் குழந்தைகளைப் பற்றி அவர் லினோவில் வெட்டிய வரிசையைச் சொல்லே தேவையில்லாமல் படிக்கலாம்.

கொங்கு நாட்டுக் கண்

எழுத்தில்லாப் படத்தைப் படிக்கும் பழக்கம் கொங்கு நாட்டுக்குப் புதிதல்ல. மான்செஸ்டரிலிருந்து இந்தியாவுக்கு வந்த துணியிலும் நூற்கட்டிலும் ஒட்டிய வண்ணச் சீட்டுகளில் யானை, புலி, தெய்வம் என்று படம் இருக்கும். எழுதப் படிக்கத் தெரியாதவரும் அந்தப் படத்தைச் சொல்லித்தான் சரக்குக் கேட்டார்கள். கொங்கு நாட்டார் காவியமான அண்ணன்மார் கதையோ உடுக்கையடித்துப் பாடக் கேட்ட கதை. படமாக அது பெரிய அளவில் வந்தது நம் காலத்தில்தான். 1960களில் காங்கேயம் பக்கத்தில் தங்கிக் கதையைப் பதிவு செய்த மானிடவியலாளர் பிரெண்டா பெக், அதைப் பின்னாளில் 26 பகுதி அசைபடமாக்கினார். அதிலும் கதையைக் குரல்தான் நடத்துகிறது.

மரத்தில் வெட்டிய கதை என்றால் இங்கே தேர்தான். இலுப்பையிலும் வேங்கையிலும் தேக்கிலும் அடுக்கடுக்காக ஏறும் பொம்மைகளில் எழுத்து கிடையாது. வலம் வரும்போது தேர் நம் வலப்பக்கம் இருக்கிறது. ஆகவே முகம் பார்த்து நின்றால் பொம்மைகள் வலமிருந்து இடமாக வருகின்றன, அச்சுக் கட்டையில் செதுக்கிய படம் போலவே. வேறுபாடு ஒன்று உண்டு. தேர்ப் பொம்மை, பார்ப்பவருக்கு முன்பே தெரிந்த கதையின் ஒரு கணத்தைக் காட்டி மீதியை நினைவூட்டுகிறது. மாசெரீலும் வார்ட்டும் யாருக்கும் தெரியாத கதையைச் சொல்கிறார்கள். ஒவ்வொரு படமும் அடுத்ததற்குக் காரணம் காட்டியாக வேண்டும்.

அவினாசியில் இதை நிறுத்துப் பார்க்கலாம். முதலை வாயில் ஒரு பிள்ளையின் தலை தெரிந்தால் போதும், அது சுந்தரர் மீட்ட பிள்ளை என்று அந்த ஊரில் எவரும் சொல்வார்கள். தேருக்கு அந்த ஒரு பொம்மை போதும். கதை தெரியாதவருக்கு அதையே சொல்லில்லாமல் சொல்ல எத்தனை கட்டை வேண்டும்? மடுவில் குளிக்கும் இரண்டு சிறுவர்கள், ஒரே உயரம். தண்ணீரில் ஒருவன் மட்டும். வறண்ட மடு. ஒரே தெரு, எதிரெதிர் வீடுகள். ஒன்றில் பூணூல் கல்யாணத் தோரணம், மற்றதில் திண்ணையில் குனிந்த தாய். தெருவில் நின்று இரண்டையும் பார்க்கும் புதியவர். இதுவரை உளி தடையில்லாமல் போகும். அடுத்துச் சுந்தரர் பாட வேண்டும். பாட்டுத்தான் முதலையை வரவழைத்தது, ஆனால் மரத்தில் திறந்த வாயை மட்டுமே வெட்ட முடியும். செதுக்குபவர் இங்கே வேறு சான்று தேட வேண்டும்: வறண்ட மடுவில் தண்ணீர் ஏறுவது, திண்ணையில் குனிந்திருந்த தலை நிமிர்வது. விழுங்கப்பட்டவன் அத்தனை வருடமும் வளர்ந்தே திரும்பினான் என்பதைச் சொல்ல வருடக் கணக்கு எழுத வேண்டாம். கடைசிக் கட்டையில் முதலைப் பிள்ளை கரையேறி வந்து, பூணூல் போட்ட பையன் பக்கத்தில் நிற்கிறான். மறுபடி இருவரும் ஒரே உயரம்.