திரும்பிச் செல்லும் விருந்தாளியும் திரும்பி வராத வரியும்

ஜே-1 எனப்படும் பரிமாற்ற விசாவில் அமெரிக்கப் பல்கலைக்கழகங்களுக்கு ஆராய்ச்சி செய்யச் செல்லும் நம்மவர்களுக்கு, வழக்கமாக மூன்றாவது நாட்காட்டி ஆண்டின் ஜனவரி மாதத்தில் ஓர் அதிர்ச்சி காத்திருக்கும். கைக்கு வரும் சம்பளத்தில் நூற்றுக்கு 7.65 வீதம் திடீரெனக் குறைந்திருக்கும். அதில் 6.2 வீதம் சமூகப் பாதுகாப்பு வரி, மிகுதி 1.45 வீதம் முதியோருக்கான மெடிக்கெயார் மருத்துவக் காப்புறுதி வரி. தொழில் வழங்குநரும் இதே அளவு தொகையைத் தம் பங்காகச் செலுத்தவேண்டும். அதுவரை இருந்த விலக்கு எங்கிருந்து வந்தது, ஏன் நின்றுபோனது என்பதை அறிய 1935ஆம் ஆண்டுவரை பின்னோக்கிச் செல்லவேண்டும்.

அந்த ஆண்டு ஒகஸ்ட் 14ஆம் திகதி ஜனாதிபதி ரூஸ்வெல்ட் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தில் கையெழுத்திட்டார். 1937 ஜனவரியில் இருந்து தொழிலாளியிடம் ஒரு வீதமும் தொழில் வழங்குநரிடம் ஒரு வீதமுமாக வரி அறவிடப்பட்டது. 1940 ஜனவரியில் முதலாவது மாதாந்த ஓய்வூதியக் காசோலையைப் பெற்றவர் வெர்மொன்ட் மாநிலத்தைச் சேர்ந்த ஐடா மே புல்லர். அவர் மூன்று ஆண்டுகளில் செலுத்தியிருந்தது 24.75 டொலர். முதற் காசோலையின் தொகை 22.54 டொலர். நூறு வயதுவரை வாழ்ந்து அவர் பெற்ற மொத்தத் தொகையோ 22,000 டொலரைத் தாண்டியது.

1958இல் தொடங்கிய நமது ஊழியர் சேமலாப நிதியை அறிந்தவர்கள் அமெரிக்க முறையும் அத்தகையதே என்று எண்ணிவிடக்கூடும். அது தவறு. சேமலாப நிதியில் பணம் ஊழியரின் பெயரிலேயே சேர்கிறது. நாட்டைவிட்டு நிரந்தரமாக வெளியேறுபவர் அதைக் கேட்டுப் பெறலாம். அமெரிக்காவிலோ இன்று உழைப்பவரின் வரி இன்றைய முதியவருக்குப் போகிறது. செலுத்தியவருக்கு அதன்மேல் சொத்துரிமை கிடையாது.

இதை அந்நாட்டு உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறது. பல்கேரியாவிலிருந்து 1913இல் குடியேறிய எப்ராம் நெஸ்டர் சுமார் 19 ஆண்டுகள் இந்த வரியைச் செலுத்தி ஓய்வூதியம் பெறத் தொடங்கியவர். 1930களில் கம்யூனிஸ்ட் கட்சி உறுப்பினராக இருந்த காரணத்துக்காக 1956இல் நாடு கடத்தப்பட்டார், ஓய்வூதியமும் நிறுத்தப்பட்டது. வழக்கு உச்ச நீதிமன்றம்வரை சென்றது. 1960இல் ஐந்து நீதியரசர்கள் அரசாங்கத்தின் பக்கமும் நால்வர் எதிர்ப்பக்கமும் நிற்க, வரி செலுத்தியதால் மட்டும் ஓய்வூதியத்தின்மீது சொத்துரிமை உண்டாவதில்லை என்று தீர்ப்பாகியது. வெளிநாட்டவர் எவரும் படித்துவைத்திருக்கவேண்டிய தீர்ப்பு அது.

இனி விசாவின் கதைக்கு வருவோம். இரண்டாம் உலகப் போர் முடிந்தபோது வெளிநாடுகளில் குவிந்துகிடந்த அமெரிக்க இராணுவத் தளபாடங்களை விற்கவேண்டியிருந்தது. வாங்கும் நாடுகளிடம் டொலர் இல்லை. அவற்றின் சொந்த நாணயத்தில் கிடைக்கும் பணத்தைக் கல்விப் பரிமாற்றத்துக்குச் செலவிடலாம் என்ற யோசனையை ஆர்கன்சாஸ் செனட்டர் வில்லியம் புல்பிரைட் முன்வைத்தார். 1946இல் அது சட்டமாகியது. இந்தியாவுடன் 1950இலும் இலங்கையுடன் 1952இலும் உடன்படிக்கைகள் ஏற்பட்டன. வந்தவர்கள் அங்கேயே தங்கிவிடலாகாது என்பதற்காக, அவர்கள் இரண்டு ஆண்டுகள் தாயகத்தில் வாழ்ந்த பின்னரே குடியேற விண்ணப்பிக்கலாம் என்ற நிபந்தனை 1956இல் விதிக்கப்பட்டது.

1961 செப்டெம்பர் 21இல் ஜனாதிபதி கென்னடி கையெழுத்திட்ட புல்பிரைட்-ஹேய்ஸ் சட்டமே ஜே விசாவைத் தனி வகையாக உருவாக்கியது. சமூகப் பாதுகாப்பு வரியிலிருந்து விலக்கு அளித்ததும் அதே சட்டந்தான். விசாவும் விலக்கும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள். திரும்பிப் போகவே வந்தவரிடம், அவர் ஒருபோதும் பெறப்போகாத ஓய்வூதியத்துக்குப் பணம் பிடிப்பது நியாயமன்று என்பதே அவ்விலக்கின் தருக்கம். ஆயினும் அது நோக்கத்தோடு கட்டுண்டது: விசா எதற்காக வழங்கப்பட்டதோ அந்த வேலைக்கு மட்டுமே பொருந்தும். ஆராய்ச்சியாளரின் துணையாக ஜே-2 விசாவில் சென்று வேலை பார்ப்பவருக்கு அது இல்லை.

விலக்கு, வரிச் சட்டத்தின் பார்வையில் 'வதிவற்ற அந்நியராக' இருப்பவருக்கு மாத்திரமே உரியது. யார் வதிவாளர் என்பது நெடுங்காலம் ஒருவரின் எண்ணத்தையும் சூழ்நிலையையும் பார்த்துத் தீர்மானிக்கப்பட்டு வந்தது. 1984இல் அமெரிக்கக் காங்கிரஸ் அதை நாட்கணக்காக மாற்றியது. ஆசிரியரும் ஆராய்ச்சியாளரும் பொதுவாக இரண்டு நாட்காட்டி ஆண்டுகளுக்கு அந்தக் கணக்கிலிருந்து விடுபடலாம். இதிலொரு விசித்திரம் உண்டு. டிசெம்பர் 20இல் விமானத்தால் இறங்கியவருக்கு அந்தப் பன்னிரண்டு நாட்களே ஓர் ஆண்டாகிவிடும். ஜனவரி இரண்டாம் திகதி இறங்கியவருக்கோ ஏறக்குறைய முழு இரண்டு ஆண்டுகள் கிடைக்கும்.

அப்போது ஆராய்ச்சியாளர் தங்கக்கூடிய உச்சக்காலம் மூன்று ஆண்டுகளாக இருந்ததால் இடைவெளி பெரிதாகத் தெரியவில்லை. 2005இல் வெளிவிவகாரத் திணைக்களம் அதை ஐந்து ஆண்டுகளாக நீட்டியது. வரிச் சட்டத்தின் இரண்டு ஆண்டுகளை எவரும் நீட்டவில்லை. ஆண்டுக்கு 60,000 டொலர் பெறும் ஒருவரிடமிருந்து மிஞ்சிய மூன்று ஆண்டுகளில் 13,770 டொலர் பிடிக்கப்படும். பல்கலைக்கழகம் செலுத்துவது இன்னொரு 13,770. வருமான வரியைப் பற்றிய உடன்படிக்கைகள் இங்கு உதவமாட்டா. 1989இன் இந்திய-அமெரிக்க உடன்படிக்கை ஆராய்ச்சியாளருக்கு இரண்டு ஆண்டுகள் தரும் சலுகைகூட வருமான வரிக்கு மட்டுமே.

அமெரிக்க முதுமை ஓய்வூதியத்துக்கு 40 புள்ளிகள் தேவை; ஆண்டொன்றுக்குக் கிடைப்பது அதிகபட்சம் நான்கு. மூன்று ஆண்டுகளில் பன்னிரண்டு. இந்தக் குறையை ஈடுசெய்யவே, இரு நாடுகளில் உழைத்த காலத்தை ஒன்றாகக் கூட்டிப் பார்க்கும் உடன்பாடுகளை அமெரிக்கா செய்துவந்துள்ளது. முதலாவது இத்தாலியுடன் 1978இல் நடைமுறைக்கு வந்தது. கனடா, பிரித்தானியா, ஜேர்மனி, பிரான்ஸ், நோர்வே, அவுஸ்திரேலியா ஆகியனவும் பட்டியலில் உள்ளன. தெற்காசிய நாடு எதுவும் இல்லை.

ஆகவே, பேராதனையிலிருந்து சென்று ஐந்து ஆண்டுகள் ஆராய்ச்சி செய்தவர் பின்னர் ரொறன்ரோவில் குடியேறினால், அமெரிக்காவில் பெற்ற பன்னிரண்டு புள்ளிகளோடு கனடாவில் உழைத்த காலத்தையும் கூட்டி, சிறிதளவேனும் அமெரிக்க ஓய்வூதியம் பெற வழியுண்டு. அவரே விசாவின் நோக்கப்படி பேராதனைக்குத் திரும்பிக் கற்பித்தால், மீண்டும் அமெரிக்காவிலோ அத்தகைய உடன்பாடுள்ள நாடொன்றிலோ உழைக்கும்வரை அந்தப் பன்னிரண்டு புள்ளிகளும் பயனின்றிப் பதிவேட்டில் கிடக்கும்.