அவையறிதல்: தமிழ் மேடையின் கதை

சில ஆண்டுகளுக்கு முன் மும்பையில் நடந்த ஒரு பொங்கல் விழாப் பேச்சுப் போட்டியில் என் பேத்தி கலந்துகொண்டாள். அப்போது அவளுக்குப் பன்னிரண்டு வயது. பேச்சை எழுதிக் கொடுத்தவன் நான்தான். தமிழின் தொன்மையைப் பற்றி எதுகையும் மோனையுமாக மூன்று பக்கம். அவளுக்குத் தமிழ் பேச வரும், படிக்க வராது. தேவநாகரி எழுத்தில் எழுதி வைத்துக்கொண்டு இரண்டு வாரம் மனப்பாடம் செய்தாள். மேடையேறி ஒரு நிமிடம் முழங்கினாள். பிறகு அப்படியே நின்றுவிட்டாள். கீழே இறங்கி வந்து என்னிடம், "தாத்தா, அதுல பாதி வார்த்தைக்கு எனக்கு அர்த்தமே தெரியல. அப்புறம் எப்படி ஞாபகம் இருக்கும்?" என்று கேட்டாள்.

பதில் சொல்ல முடியவில்லை. நாம் 'மேடைத் தமிழ்' என்று நினைத்துக்கொண்டிருப்பது எப்போது, எப்படி வந்தது என்று தேடிப் படிக்க ஆரம்பித்தேன். படித்ததன் சாரத்தை அன்பர்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

தமிழில் இலக்கியம் ஈராயிரம் ஆண்டுப் பழமை உடையது. ஆனால் எல்லாச் சாதியாரும் கூடியிருக்கும் பொதுவெளியில் ஒருவர் நின்று, பொதுக் காரியம் ஒன்றைப் பற்றி உரைநடையில் பேசும் மேடை அத்தனை பழையது அன்று. கோயில்களில் புராணம் படித்துப் பொருள் சொல்லும் வழக்கம் இருந்தது. பாதிரிமார்களின் தேவாலயப் பிரசங்கம் இன்னொரு வகையைக் காட்டிற்று. யாழ்ப்பாணத்தில் பெர்சிவல் பாதிரியாரிடம் பணியாற்றிய ஆறுமுக நாவலர் அந்த முறையை நன்கு அறிந்தவர். 1847ஆம் ஆண்டு டிசம்பர் 31 அன்று வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலில் சைவப் பிரசங்கத்தைத் தொடங்கினார். எதிரணியின் கருவியை எடுத்துத் தம் மக்களிடம் தம் மொழியில் பேசினார்.

அரசியல் மேடைக்குத் தமிழ் வர இன்னும் காலம் பிடித்தது. 1887இல் சென்னையில் காங்கிரஸ் மகாசபை கூடியபோது நடவடிக்கைகள் எல்லாம் ஆங்கிலத்தில்தான். அங்கே தஞ்சாவூரிலிருந்து வந்திருந்த மூக்கணாசாரி என்ற கைவினைஞர் எழுந்து தமிழில் பேசினார். அது ஒரு விதிவிலக்கு. அடுத்த இருபது ஆண்டுகளுக்குப் பெரிய மனிதர் என்றால் ஆங்கிலத்தில் பேசுபவர் என்றே இருந்தது.

1907 மே மாதம் வங்காளத்து விபின் சந்திர பாலர் சென்னைக் கடற்கரையில் பேசினார். அதுவும் ஆங்கிலம்தான். ஆனால் சுதேசி இயக்கம் கடைத்தெருவுக்கும் ஆலைவாசலுக்கும் போக வேண்டியிருந்தது. 'சுதேசமித்திரன்' நிறுவிய ஜி. சுப்பிரமணிய ஐயர் தமிழில் பேசத் தொடங்கினார். தூத்துக்குடியில் வ.உ. சிதம்பரம் பிள்ளையும் சுப்பிரமணிய சிவாவும் பேசினார்கள். 1908 பிப்ரவரி இறுதியில் கோரல் மில் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தபோது அந்தப் பேச்சுகளில் கூலி இருந்தது, வேலை நேரம் இருந்தது, வார விடுமுறை இருந்தது. சில நாட்களிலேயே நிர்வாகம் இறங்கி வந்தது. மார்ச் 12 அன்று இருவரும் கைதானார்கள். அவர்கள் பேசிய பேச்சே நீதிமன்றத்தில் சாட்சியமாயிற்று. சிவாவுக்குப் பத்தாண்டு, வ.உ.சி.க்கு இரட்டை ஆயுள் தண்டனை என்று முதலில் தீர்ப்பானது. ஆங்கிலத்தில் பேசிய கனவான்களைப் பொறுத்துக்கொண்ட அரசாங்கம், ஆலைத் தொழிலாளிக்குப் புரியும் தமிழைப் பொறுத்துக்கொள்ளவில்லை. புரிகிற பேச்சுக்கு எவ்வளவு வலிமை என்பதற்கு இதைவிட வேறு என்ன சான்று வேண்டும்?

நம் மும்பைக்கும் இந்தக் கதையில் ஒரு பங்கு உண்டு. 1918 ஏப்ரல் 27 அன்று சென்னைப் பெரம்பூரில் சென்னைத் தொழிற்சங்கம் பிறந்தது. அதன் தலைவர் பி.பி. வாடியா, மும்பையில் பிறந்த பார்சி. அவருடைய ஆங்கிலப் பேச்சு மொழிபெயர்க்கப்பட்டே தொழிலாளரைச் சென்றடைந்தது. பக்கத்தில் நின்ற திரு.வி.க.வுக்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை. தமிழ் வாத்தியாராக இருந்தவர் அவர். இலக்கியச் சுவையுள்ள, ஆனால் பாமரருக்கும் எட்டுகிற ஒரு தமிழை மேடைக்கென்றே உருவாக்கினார். பின்னால் வந்த பேச்சாளர் பலருக்கு அதுவே முன்மாதிரி. அண்ணாவின் அடுக்குமொழி அதன் பிறகு வந்து ஒரு தலைமுறையையே கவர்ந்தது.

அதே காலத்தில் பெரியார் நேர் எதிராகப் பேசினார். அலங்காரம் கிடையாது. வீட்டுத் திண்ணையில் பேசுவது போலக் கொச்சையாகவே மணிக்கணக்கில் பேசுவார். 'நான் சொல்வதை அப்படியே நம்பாதே, நீயே யோசித்துப் பார்' என்பது அவர் பேச்சின் அடிநாதம். 1973 டிசம்பர் 19 அன்று, 94 வயதில், தியாகராய நகரில் கடைசியாகப் பேசினார். ஐந்தாம் நாள் மறைந்தார்.

நாவலர், சிவா, திரு.வி.க., பெரியார், அண்ணா என ஒவ்வொருவர் தமிழும் வேறு வேறு. ஒருவருடைய நடையை இன்னொருவர் பேசினால் எடுபடாது. அவர்களுக்குள் பொதுவானது ஒன்றுதான்: எதிரே யார் இருக்கிறார்கள் என்று பார்த்துவிட்டே வாயைத் திறந்தார்கள். வள்ளுவர் 72ஆம் அதிகாரத்தை 'அவையறிதல்' என்றும், அதற்கு அடுத்ததை 'அவையஞ்சாமை' என்றும் வைத்திருக்கிறார். அவையை அறிவது முதலில். அச்சம் போவது அதன் பிறகு. நாமோ பிள்ளைகளுக்கு அஞ்சாமையை மட்டும் கற்றுக்கொடுக்கப் பார்க்கிறோம்.

நான் செய்த தவறு எனக்கு இப்போது தெரிகிறது. 1950களின் அவைக்கு உரிய தமிழை எழுதி, இன்றைய மும்பைக் குழந்தையின் வாயில் வைத்தேன். அடுத்த ஆண்டு பேனாவை நான் தொடவில்லை. "யார்கிட்ட பேசப் போற? அவங்களுக்குத் தெரியாத எது உனக்குத் தெரியும்? அதுல எதை அவங்க வீட்டுக்கு எடுத்துக்கிட்டுப் போகணும்?" என்று மூன்று கேள்வி மட்டும் கேட்டேன். மாதுங்கா மார்க்கெட்டில் வாழையிலை விற்கும் ஒரு பாட்டியிடம் தானே போய்ப் பேசிவிட்டு வந்தாள். காகிதத்தில் ஐந்தே ஐந்து குறிப்புகள். வீட்டில் எங்களை உட்காரவைத்து மூன்று தடவை சொல்லிப் பார்த்தாள். மேடையில் தடுமாறவில்லை. தடுமாறியிருந்தாலும் தன் வார்த்தையைக் கொண்டே எழுந்திருப்பாள்.

பரிசு கிடைக்கவில்லை. பேச்சுவழக்கு அதிகம் என்று மதிப்பெண்ணைக் குறைத்துவிட்டார்கள். நானும் பல வருடம் நடுவராக இருந்து அப்படிக் குறைத்தவன்தான், அதனால் யாரையும் குறை சொல்ல வாயில்லை. ஆனால் விழா முடிந்ததும் நாலைந்து பேர் அவளைத் தேடி வந்து, அந்தப் பாட்டிக்கு எந்த ஊர், எப்போது இங்கே வந்தார் என்று விசாரித்தார்கள்.

போட்டி நடத்தும் பெரியவர்களுக்கு என் வேண்டுகோள் இதுதான். பேச்சை மனப்பாடமாக ஒப்பிக்கச் சொல்லாதீர்கள். முடிந்ததும் பிள்ளையிடம் ஒரு கேள்வி கேட்டு, அதன் பதிலுக்கும் மதிப்பெண் கொடுங்கள். பேச்சுத் தமிழுக்காக மதிப்பெண்ணைக் குறைக்காதீர்கள். செந்தமிழ் பிறகு வரலாம். தன் சொந்தத் தமிழில் நாலு பேர் முன் நிற்க முடியாது என்று நினைத்துவிட்ட பிள்ளை, மறுபடி நம் மேடைக்கு வராது.